ஒலுவில் மணலும் பக்கஞ் சாரும் மனமும்

அம்பாறைக் கரையோரத்தில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணல் இடையறாது நகர்ந்துகொண்டிருக்கிறது. ஓர் ஊரின் கரையில் அரித்ததை அலை அடுத்த ஊரின் கரையில் இடுகிறது. இந்த ஓட்டத்தின் குறுக்கே, ஒலுவிலில், டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் துறைமுக வேலை தொடங்கிற்று. அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. மறைந்த அமைச்சர் எம். எச். எம். அஷ்ரபின் கனவு நனவாயிற்று என்று மக்கள் பெருமிதங் கொண்டனர். மணலுக்குத் திறப்புவிழாவும் தெரியாது, தலைவர்களின் கனவும் தெரியாது. அது சுவரருகே தேங்கிற்று. துறைமுக வாயிலை அடைத்தது. வடக்கே போய்ச் சேரவேண்டிய மணல் சேராமையால் ஒலுவில் கரையைக் கடல் தின்னத் தொடங்கிற்று. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, காணிகள் கடலாயின.

2018ஆம் ஆண்டில் இம்மணலை முன்னிட்டு மக்கள் இரு கூறாகி நின்றனர். வாயிலை அடைத்த மணலை அகற்றினாலன்றி எங்கள் ஆழ்கடற் படகுகள் வந்துபோக வழியில்லை என்றனர் மீனவர். அவர்களிற் பலர் கல்முனை, சாய்ந்தமருது முதலிய அயலூரினர். எங்கள் கரைக்கு ஒரு வழி செய்யாமல் வாயிலில் கைவைக்கலாகாது என்றனர் ஒலுவில் மக்கள். இரு சாராரும் பெரும்பாலும் ஒரே மொழியினர், ஒரே மார்க்கத்தினர், கொண்டுங் கொடுத்தும் உறவு பூண்டோர். இரு சாராரும் உழைத்துண்பவர். இரு சாராரின் இழப்பும் மெய்யானது.

இத்தகைய காட்சியைக் கண்டவுடன், மனிதன் இயல்பிலேயே கட்சி கட்டுபவன், வரலாறென்பது அவ்வியல்பின் விளையாட்டு என்று கூறிக் கடமையை முடித்துக்கொள்வாருளர். அவர்கள் பக்கம் ஓரளவு சான்றும் உண்டு. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹென்றி தஜ்ஃபெல் என்னும் உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களை அற்பமான காரணங்களைச் சொல்லிக் குழுக்களாகப் பிரித்தார். முகந்தெரியாத தம் குழுவினனுக்கே அவர்கள் கூடுதலாகப் பங்கிட்டனர். ஆகவே அந்த நாட்டம் மனத்தில் இருப்பது உண்மை. ஆயினும் அங்கே கோட்டைக் கிழித்தவர் சிறுவரல்லர், ஆய்வாளர். இதனை மேற்படி கூற்றினர் மறந்துவிடுகின்றனர்.

கட்சிவெறிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் பழங்கதை ஒன்றுண்டு. கி.பி. 532இல் கொன்ஸ்தாந்திநோபிளில், தேர்ப்பந்தயத்தில் நீலருக்கும் பச்சையருக்குமாகப் பிரிந்திருந்த நகரம் பற்றியெரிந்தது, பல்லாயிரவர் மாண்டனர். கதையின் நடுப்பகுதியைப் பலரும் சொல்வதில்லை. பேரரசன் ஜஸ்டினியனை நடுங்கவைத்தது நீலருக்கும் பச்சையருக்கும் இடையிலான பகை அன்று. அது பல காலமாக நடந்துவந்த பகை. வரிச்சுமையும் அதிகாரிகளின் கொடுமையும் பெருகியிருந்த வேளையில் இரு நிறத்தாரும் ஒன்றுசேர்ந்து ஒரே குரலெழுப்பியதே அவன் அஞ்சிய செய்தி. படைகொண்டு அவர்களைக் கொல்லுமுன், பொன்னைக் கொடுத்து நீலரைப் பிரித்தெடுக்க அரண்மனை முயன்றது என்று அக்கால வரலாறு கூறும்.

எமது கிழக்குக் கரைக்கும் பக்கம் பிரிதல் புதிதன்று. மட்டக்களப்புத் தேசத்தின் கண்ணகி வழிபாட்டில் கொம்புமுறி என்றொரு விளையாட்டு இருந்தது. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகும்; கொம்பைக் கொம்பில் மாட்டி, கயிறு பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பர். தோற்றோரை வசைபாடுவர். மழை வேண்டியும் நோய் நீங்கவும் ஆடப்பட்டது அது. (நாமும் பட்டிமன்றம் வைத்து மாணவரை இரு அணியாக்கி மகிழ்பவர்கள்தாமே!) இவ்விளையாட்டை ஆடிய மண்ணில்தான் 1985 ஏப்ரலில் காரைதீவு எரிந்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுநின்ற முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே மாதம் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று பேசப்பட்ட உறவு இது. கொம்பு இழுத்த அதே கைகள் என்று இதனை விளக்குவது அறியாமை. ஆயுதமும் அதைக் கொடுத்தோரும், காணிப் பசியும், மேலிருந்து ஆள்வோரின் கணக்கும் சேர்ந்தே அந்தப் பக்கங்களை வகுத்தன.

வகுக்கப்படுவது என்பதாலேயே கோடு இடம் மாறுகிறது. 2017இல் சாய்ந்தமருது தனிச்சபை கேட்டெழுந்தபோது அதை எதிர்த்தோர் கல்முனை முஸ்லிம்களே. 2019 ஜூனில் கல்முனை வடக்குத் தமிழ்ப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நடந்தபோது, எதிரே முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். கோடு இனத்தின் வழியே ஓடிற்று. ஒலுவில் வாயிலில் அது ஊரின் வழியே ஓடிற்று. மாந்தர் அவர்களேதாம்.

அப்படியாயின் பக்கஞ் சாராதிருத்தலே அறமோ? நாம் அவ்வாறு கருதவில்லை. வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கே பேசப்படுவது தீர்ப்பளிப்போனின் நேர்மையே அன்றி வழக்கைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒதுங்குவோனின் சௌகரியம் அன்று. காணி இழந்தவனுக்கும் படகு முடங்கியவனுக்கும் நடுவே கைகட்டி நிற்பவன், அவ்விருவரையும் மோதவிட்ட ஏற்பாட்டின் பக்கம் நிற்கிறான். அந்த ஏற்பாட்டை வகுத்தோர் எவரும் 2018இல் கடற்கரையில் இல்லை. மணலின் போக்கைக் கணக்கிட வேண்டியிருந்த திட்டக்காரரும், ஒப்பந்தம் பெற்றோரும், நாடா வெட்டியோரும் கூச்சல் எட்டாத தொலைவில் இருந்தனர். கரையில் மீனவனும் காணிக்காரனும் ஒருவரையொருவர் பார்த்து நின்றனர்.

வாயிலில் அள்ளும் மணலை அரிபட்ட வடகரையிற் கொண்டு கொட்டுவது உலகத் துறைமுகங்கள் பலவற்றில் நடைபெறும் வேலைதான். மீனவன் அகற்றக் கேட்ட மணலும் ஒலுவிலார் இழந்த மணலும் ஒன்றே. ஆனால் அது ஒருமுறை செய்து முடிவதன்று. அச்சுவர் நிற்குங் காலமெல்லாம் செய்யப்படவேண்டியது. அதற்கான பணத்தை மீனவராலும் தரவியலாது, காணி இழந்தோராலும் தரவியலாது.