தாத்தா அழுதது யாருக்காக?

 

எங்க தாத்தா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டினவர். கோவிலுக்குப் போறது குறைவு. ஆனா டி.எம்.எஸ். பாடின முருகன் பாட்டு ஒண்ணாவது முடிஞ்சாதான் காலையில காபி. 2013 மே 25, டி.எம்.எஸ். மறைஞ்ச அன்னைக்கு அவர் சாப்பிடவே இல்லை. "நீங்க கும்பிடறது முருகனையா, டி.எம்.எஸ்ஸையா?"ன்னு ஸ்கூல் பையன் திமிர்ல கேட்டேன். பதில் சொல்லலை.

போன மாசம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஆடியோ வந்தது. டி.எம்.எஸ். குரல்ல புது முருகன் பாட்டு. ஏஐ வச்சு செஞ்சதுன்னு எனக்குக் கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுடுச்சு, என் பொழப்பே சாஃப்ட்வேர்தானே. தாத்தாவுக்குத் தெரியலை. "இதை நான் கேட்டதே இல்லையேடா"ன்னு கண் கலங்கி மூணு தடவை போடச் சொன்னார்.

அந்தக் கண்ணீர் வீணா?

குரலைத் திருடிட்டாங்கன்னு முதல்ல கோபம் வந்தது. அப்புறம் யோசிச்சா, டி.எம்.எஸ்ஸே தியாகராஜ பாகவதரோட தீவிர ரசிகர். அவர் மாதிரியே பாடித்தான் ஆரம்பிச்சார். 1950-ல வந்த 'கிருஷ்ண விஜயம்' படத்துல அவரோட முதல் பாட்டே பாகவதர் பாணிதான். ஆனா அது ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன் மேல வச்ச ஆசை. தொண்டை நோகப் பாடிப் பாடி, அதுக்குள்ள இருந்து தன் குரலைக் கண்டுபிடிச்சார். 1964-ல 'அருணகிரிநாதர்' படத்துல அவரே அருணகிரியா நடிச்சுப் பாடினப்போ அங்க பாகவதர் இல்லை. இந்த ஆடியோவுல "முருகா"ன்னு கூப்பிட ஆளே கிடையாது.

ஆனா கேட்டவர் கூப்பிட்டாரே! இதே குரல் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் எத்தனையோ டூயட் பாடியிருக்கு. அதுக்கெல்லாம் தாத்தா விசில்தான் அடிப்பார், அழ மாட்டார். அப்போ அவர் உருகுறது வெறும் குரலுக்கு இல்லை. அன்னைக்கு நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்னு இப்பத்தான் புரியுது. பாட்டு எப்படி வந்திருந்தாலும் அந்த "முருகா" முருகனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதுல எனக்கு சந்தேகமில்லை.

எனக்கு உறுத்துறது வேற. மூணாவது தடவை முடிஞ்சதும் தாத்தா கையைக் கூப்பி, "என் ராசா, நீ நல்லா இருக்கணும்"னார். அது டி.எம்.எஸ்ஸுக்கு. பக்தி போய்ச் சேர்ந்துடுச்சு, நன்றி போய்ச் சேரலை. அறுபது வருஷமா ஒருத்தருக்கு நன்றியோட இருக்கிற மனுஷன், அவர் பாடாத பாட்டுக்கு நன்றி சொல்றார், அதை நான் வேடிக்கை பார்க்கிறேன். சொன்னா, இனிமே எந்தப் பாட்டைக் கேட்டாலும் "இது நிஜமாடா?"ன்னு கேப்பார். சொல்லலைன்னா அந்தப் பொய்யில எனக்கும் பங்கு.

சிறுவாபுரிக்கு ஆறு செவ்வாய் வேண்டுதல் போயிட்டிருக்கேன், இன்னும் ரெண்டு பாக்கி. முடியறதுக்குள்ள சொல்லிடணும். இன்னைக்குக் காலையில நைசா 'அருணகிரிநாதர்' படப் பாட்டைப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு வரி கேட்டுட்டு, "இது இல்லடா, அந்தப் புதுசு போடு"ன்னார்.