பிடிக்கும்போது பொருந்திய பெயர்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று எல்லோரும் அறிந்தது. மற்றது ஒருநாள் உழைப்பின் கணக்கு. குறித்த கிலோ கொழுந்து கொடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். தலவாக்கலையைச் சுற்றியுள்ள ஏதோவொரு தோட்டத்தில் நாற்பது ஆண்டு கூடை சுமந்த பெண்ணுக்கு இந்த இரண்டாவது பேர் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் ஆயிரக்கணக்கில் விழுந்திருக்கும். முதுமையில் அவரை மறித்து நிற்பது முதலாவது பேர்.

மாதிரிக்கு ஒன்றைச் சொல்லலாம். செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, மகனின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர் மாரியாய். மூன்றையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். காதில் விழுந்ததைக் கணக்கப்பிள்ளை ஒருவிதமாக எழுதினார், தமிழ் தெரியாத பதிவாளர் இன்னொரு விதமாக எழுதினார். மாரியாயி மட்டும் எதையும் எழுதவில்லை. தனக்குரிய சேமலாப நிதியைக் கேட்கப் போனால், அந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் வேலை மட்டும் அவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கிராம உத்தியோகத்தரின் கடிதம், சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, தொழில் திணைக்களத்துக்கு ஒரு பயணம், ஏதோ குறைகிறது என்று திரும்பி வந்தால் இன்னொரு பயணம். நுவரெலியா மாவட்டத்தில் 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு அப்போது இருந்தவை ஐந்தே பிரதேச செயலகங்கள். எண்ணிக்கை கூடியது பிறகுதான். முழங்கால் வலியோடு தோட்டத்து வரிசை வீடான லயத்தின் படியிறங்கி பஸ் பிடிப்பவருக்கு அந்தத் தூரமே ஒரு பதில்.

தமக்குரிய பணத்தை முதியவர்கள் ஏன் கேட்பதில்லை என்ற கேள்விக்கு அறியாமை, சோம்பல், கூச்சம் என்று விடை சொல்வது எளிது. அதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் பணம் பிடிக்கப்படுகிறது. இன்று அது நூற்றுக்கு 8, தோட்டம் போடுவது 12. மாதாமாதம் பிடித்தபோது மாரியாயி எந்தப் படிவமும் நிரப்பவில்லை. பெயர் பொருந்தவில்லை என்று எந்த மாதமும் யாரும் பணத்தைத் திருப்பித் தரவில்லை. எடுக்கும்போது பொருந்திய பெயர் கொடுக்கும்போது எப்படிப் பொருந்தாமல் போகும்? இந்த விவகாரத்தின் அறக்கேள்வி முழுவதும் இதற்குள் அடங்குகிறது. ஒரு பெயரை நம்பிப் பணம் வாங்கியவர், அந்தப் பெயருக்குரிய ஆளைத் தேடிப் பிடித்து ஒப்படைக்கவும் கடமைப்பட்டவர். தவறாக எழுதிய கைதான் திருத்த வேண்டும்.

இது நடக்காத கனவு என்று தள்ளிவிட முடியாது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் பணத்தைக் கொடுக்கும் பொறுப்பைத் தொழில்கொள்வோர் தலையில்தான் வைக்கிறது. தாமதித்தால் மேலதிகப் பணமும் கட்ட வேண்டும். நடைமுறை எப்படியும் இருக்கட்டும், சட்டத்தின் முகம் சரியான பக்கம் திரும்பியிருக்கிறது. ஓடவேண்டியவர் கொடுப்பவர், பெறுபவர் அல்ல.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. பொதுப்பணத்துக்குக் காவல் வேண்டும். இறந்தவர் பெயரில் கையெழுத்துப் போட்டுக் காசு எடுப்பவர்களும் உலகில் உண்டு. ஆகவே சான்று கேட்பது குற்றமல்ல. ஆனால் செக்ரோல் தோட்டத்துக் கந்தோரில் இருக்கிறது, அங்கத்துவ இலக்கம் திணைக்களத்தில் இருக்கிறது, அடையாள அட்டைப் பதிவு அரசாங்கத்தின் இன்னொரு அலுமாரியில் இருக்கிறது. இந்த மூன்று அலுமாரிகளுக்கும் நடுவே கடிதம் சுமந்து திரியும் பியூன் வேலையை எழுபது வயதுக்காரிக்குக் கொடுப்பதுதான் குற்றம்.

காகிதம் என்றாலே இந்தத் தலைமுறைக்கு ஏற்படும் நடுக்கத்துக்கும் காரணம் உண்டு. இன்று 80 வயதைத் தாண்டியவர், மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் 1948இல் வந்தபோது சிறுபிள்ளையாக இருந்திருப்பார். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மிஞ்சிய ஒன்றரை லட்சம் பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை நாடற்றவராகவே கிடந்தவர்களும் உண்டு. கந்தோரில் பெயர் கொடுத்தவர்களைக் கப்பலேற்றியதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர், அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கத் தயங்குவதை அறியாமை என்பதா, அனுபவம் என்பதா?

பெயர்ச் சிக்கலும் குடியுரிமை வரலாறும் இல்லாத இடத்திலும் உரியதைக் கேட்காமல் விடுவது நடக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிரித்தானியாவில் வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டைத் தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கேட்பதே இல்லை. விண்ணப்பம் என்ற வாசற்படியே ஒரு வடிகட்டி. அதில் தங்கிப்போகிறவர்களில் மிகவும் தேவைப்பட்டவர்களும் உண்டு.

வேண்டாம் என்று மனமறிந்து ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். “புள்ளைங்க கஞ்சி ஊத்துதுங்க, எனக்கு எதுக்கு காசு?” என்பது லயங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. காசு வந்தால் மகன் குடித்துத் தீர்த்துவிடுவான் என்று வாய்விட்டுச் சொல்லாமல் அஞ்சுகிற தாய்மாரும் உண்டு. அவர்களின் விருப்பத்தை மதிக்க வேண்டாமா? வேண்டும். ஆனால் கைக்கு எட்டாததை வேண்டாம் என்பது துறவாகாது. முன்னால் கொண்டுவந்து வைத்த பிறகு விலக்கினால்தான் அது விருப்பம். அதுவரை அது வெறும் களைப்பு.

அந்த மறுப்பின் விலையை அவர் மட்டும் செலுத்துவதுமில்லை. ஜப்பானில் 2000ஆம் ஆண்டிலிருந்து நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே காப்புறுதி இருக்கிறது. இலங்கையில் அப்படியொன்று இல்லை. இங்கே படுக்கையில் விழுந்த கிழவிக்குப் பராமரிப்பு என்றால் மருமகள், அவள் மலைக்குப் போனால் பேத்தி. அவர்களில் ஒருத்தி வீட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகிறது, அல்லது ஒரு பள்ளிநாள் போகிறது. 2025இல் மாதம் 5,000 ரூபாயாக உயர்ந்த முதியோர் கொடுப்பனவு பெரிய தொகையல்ல. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால் நாலு பேருக்குக்கூடக் காணாது. எனினும் மூன்று நாளாவது மருமகள் கடனில்லாமல் வீட்டில் நிற்கலாம். சேமலாப நிதி கைக்கு வந்தால் லயத்துக் காம்பராவுக்குப் பக்கத்திலேயே ஒரு கக்கூசு கட்டலாம். இடுப்பொடிந்தவருக்கு அதைவிடப் பெரிய பராமரிப்பு எது?

தோட்டத்திலேயே எவரும் விண்ணப்பிக்காமல் வந்து சேரும் காசு ஒன்று உண்டு. அது மரண உதவிச் சங்கத்தின் காசு. லயத்தில் ஓர் உயிர் பிரிந்தால் தப்புச் சத்தம் அடங்குவதற்குள் சங்கத்துத் தலைவர் பணத்தோடு வாசலில் நிற்பார். மாரியாயியா மாரியம்மாவா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எந்த வீட்டில் அழுகை கேட்கிறதோ அந்த வீட்டுக்குக் காசு போகும்.