ஈமானுக்குப் பொய்ச் சாட்சி எதற்கு?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! வீட்டிலிருந்து இதை வாசிக்கும் தாய்மார்களே, துறைமுகத்திலும் எண்ணூரிலும் ஷிப்ட் வேலையில் மாட்டிக்கொண்டு ஜும்ஆவுக்கு நம் பள்ளிக்கு வர முடியாத இளைஞர்களே! இந்த வாரப் பேச்சை ஒரு மன்னிப்போடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்பு இதே பள்ளியில், ஜும்ஆ பயானில், நான் ஒரு சம்பவம் சொன்னேன். சந்திரனில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே புரியாத ஒரு சத்தத்தைக் கேட்டார், பிறகு எகிப்துக்குப் போனபோது பாங்கு சத்தம் காதில் விழுந்தது, "இதைத்தான் நான் அங்கே கேட்டேன்" என்று இஸ்லாத்தைத் தழுவினார் என்று. பின் வரிசையில் இருந்து "சுப்ஹானல்லாஹ்" என்று சத்தம் வந்தது. எனக்கும் தொண்டை அடைத்தது. மறைப்பானேன், அன்றைக்கு நான் நன்றாகப் பேசினேன் என்று ஒரு திருப்தியும் இருந்தது.

அந்தச் சம்பவம் நடக்கவே இல்லை. ஆம்ஸ்ட்ராங் இஸ்லாத்துக்கு வரவில்லை. இந்த வதந்தி இந்தோனேசியா, மலேசியா, எகிப்து என்று பரவியதால், 1983லேயே அமெரிக்க வெளியுறவுத் துறை அதை மறுத்துத் தன் தூதரகங்களுக்குத் தகவல் அனுப்பியது. சந்திரனில் காற்றே கிடையாது, காற்று இல்லாத இடத்தில் சத்தம் பரவாது. இது பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிற விஷயம். நான் யோசிக்கவில்லை. யாரோ சொன்னார்கள், நானும் சொன்னேன்.

இதை எனக்குக் காட்டியது நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கும், டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். அவனுடைய அத்தா ஆட்டுத்தொட்டியில் கறி வியாபாரம் செய்பவர். ஒருநாள் இஷாவுக்குப் பிறகு அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "ஹஜ்ரத், இவனுக்கு யாரோ என்னமோ பண்ணிட்டாங்க. தொழ மாட்டேங்கிறான். அல்லாஹ் இருக்கான்னு எப்படித் தெரியும்னு வீட்ல கேக்குறான். கொஞ்சம் ஓதிப் பாருங்க" என்றார்.

நான் ஓதி ஊதவில்லை. அத்தாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பையனிடம் என்ன என்று கேட்டேன். போனை எடுத்து ஆம்ஸ்ட்ராங் விஷயத்தைக் காட்டினான். "ஹஜ்ரத், இத நீங்கதான் சொன்னீங்க. வேலை செய்யுற இடத்துல ஒருத்தர் கடவுள் இல்லன்னு பேசுவார். அவர்கிட்ட நான் இதைச் சொன்னேன். எல்லார் முன்னாடியும் என்னைச் சிரிச்சிட்டாங்க. இது பொய்னா, நீங்க சொன்ன மத்ததெல்லாம்?"

சகோதரர்களே, நாத்திகர்களின் கேள்விகள் பலவற்றுக்கு என்னால் பதில் சொல்ல முடியும். இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை.

நாம் இஸ்னாதுடைய உம்மத். ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன்னால் இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய ஞாபக சக்தி எப்படி, அவர் ஒருமுறையாவது பொய் சொன்னதுண்டா என்று தோண்டித் துருவிய முன்னோர்களின் வாரிசுகள். கேட்டதையெல்லாம் அப்படியே எடுத்துச் சொல்வதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதும் என்ற நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் கிதாபின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தக் கிதாபை ஓதித்தான் நான் ஸனது வாங்கினேன். வாங்கிய பிறகு, அறிவிப்பாளர் யாரென்றே தெரியாத ஒரு செய்தியை மிம்பர் பக்கத்தில் நின்று அறிவித்திருக்கிறேன். இன்றைக்கு உங்கள் வாட்ஸ்அப்பில் வருகிற "விஞ்ஞானிகள் வியப்பு" செய்திகளில் எத்தனைக்கு இஸ்னாது இருக்கிறது என்று பாருங்கள்.

"நல்ல எண்ணத்தில்தானே சொல்கிறோம், அதைக் கேட்டு நாலு பேருக்கு ஈமான் உறுதிப்படட்டுமே" என்று ஒரு சகோதரர் என்னிடம் வாதாடினார். இதற்கு நாயகம் (ஸல்) அவர்களுடைய வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

அவர்களுடைய அருமை மகன் இப்ராஹீம் (ரலி) பால்குடிப் பருவத்தில் வஃபாத்தானார். அதே நாளில் மதீனாவில் சூரிய கிரகணம் பிடித்தது. வானவியல் கணக்குப்படி அது கி.பி. 632 ஜனவரி 27 என்கிறார்கள். மக்கள், நபியின் மகனுக்காகச் சூரியனே துக்கம் காக்கிறது என்று பேசினார்கள். சற்று யோசியுங்கள். யாரும் புனைந்து சொன்ன கதை இல்லை, எல்லோரும் கண்ணால் பார்த்த கிரகணம். எந்த நயவஞ்சகனும் மறுக்க முடியாது. மகனை அடக்கம் செய்த தகப்பன் சும்மா இருந்தாலே போதும், மக்களே அதை அற்புதம் என்று பேசிப் பரப்பியிருப்பார்கள். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் சும்மா இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். தமக்குச் சாதகமாக வந்த தவறான சாட்சியைத் தாமே தள்ளினார்கள். துக்கத்தின் நடுவில் தள்ளினார்கள்.

கிரகணம் என்றதும் நம் ஊர் ஞாபகம் வருகிறது. கிரகணத்தன்று சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்ற பேச்சு நம் வீடுகளிலும் உண்டு. திராவிடர் கழகத்துக்காரர்கள் அந்த நேரத்தில் கூடி நின்று சிற்றுண்டி சாப்பிட்டுக் காட்டுவார்கள். அதைப் பார்த்து நம்மில் சிலருக்குக் கோபம். எதற்குக் கோபம்? அந்த விஷயத்தில் அவர்கள் சொல்வதும் நம் மார்க்கம் சொல்வதும் ஒன்றுதான். நாம் கூடுதலாக இரண்டு ரக்அத் தொழுகிறோம், அவ்வளவுதான்.

கிட்டத்தட்ட 900 வருடங்களுக்கு முன்பு, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தத்துவவாதிகளை மறுத்து 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' எழுதினார்கள். அதன் முன்னுரையில் இந்தக் கிரகணத்தையே உதாரணமாக எடுக்கிறார்கள். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் சந்திரன் வருவதால் கிரகணம் என்பது கணக்கால் நிரூபிக்கப்பட்ட விஷயம், இதை மறுப்பதுதான் தீன் என்று ஒருவன் கிளம்பினால் அவன் தீனுக்கே அநியாயம் செய்கிறான் என்பது அவர்களுடைய கருத்து. மார்க்கத்தைத் தாக்குகிறவனைவிட, முறை தெரியாமல் அதற்கு உதவ வருகிறவனால்தான் சேதம் அதிகம் என்றும் சொல்கிறார்கள். அதை வாசித்துப் பாடம் நடத்திய நானே, முறை தெரியாமல் உதவப் போனவனாகிவிட்டேன்.

சரி, பையனின் மூலக் கேள்விக்கு வருவோம். எப்படித் தெரியும்?

அரபிக் கல்லூரியில் நாங்கள் ஓதும் அகீதா கிதாப், இமாம் நஸஃபி (ரஹ்) அவர்களின் மூலத்துக்கு இமாம் தஃப்தாஸானி (ரஹ்) எழுதிய விளக்கம். ஈமானுடைய கிதாப் என்பதால் முதல் பக்கமே அல்லாஹ்வைப் பற்றி இருக்கும் என்றுதான் நினைத்துத் திறந்தேன். இல்லை. பொருள்கள் நிஜமாகவே இருக்கின்றன, அவற்றை மனிதன் அறிய முடியும் என்று தொடங்குகிறது. அடுத்து, அறிவு வரும் வழிகள் மூன்று என்கிறது: பழுதில்லாத ஐம்புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு. அந்தக் கடைசிச் சொல்லை நம் நாட்டில் ஒரு கட்சிக்காரர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். அது நம் அகீதா கிதாபின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

கண்ணால் பார்த்ததை மட்டும்தான் நம்புவேன் என்று சொல்கிற நண்பரும் மூன்றையும் பயன்படுத்தித்தான் வாழ்கிறார். ஆம்ஸ்ட்ராங் 1969ல் சந்திரனில் இறங்கியதை அவர் பார்த்தாரா? செய்தியால் அறிந்தார். நல்ல செய்திதான், சோதிக்கவும் வழி இருக்கிறது: அன்று அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான் மீது இன்றும் பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பித் தூரம் அளக்கிறார்கள். அப்படி அளந்து சொல்லும் அறிவை நாம் மறுக்கத் தேவையில்லை. ஆனால் அளப்பதற்கு என்று ஒரு பிரபஞ்சம் ஏன் இருக்கிறது, இல்லாமலே போயிருக்கலாமே என்ற கேள்வியை எந்த லேசரும் முடித்துவைப்பதில்லை. விஞ்ஞானம் கடவுளை இல்லை என்று நிரூபித்துவிட்டது என்பவரும் கருவி சொல்லாத ஒன்றைக் கருவியின் பெயரால் சொல்கிறார். அவருடைய ஆம்ஸ்ட்ராங் கதை அது.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வஹீயை லேசர் வைத்து அளக்க முடியாது. இந்தப் பிரபஞ்சத்துக்கு ஒருவன் தேவை என்பது வரை பகுத்தறிவு கூட்டிக்கொண்டு போகும் என்று நம் இமாம்கள் வாதிட்டார்கள், நானும் அதை ஏற்கிறேன். அதற்கு மேல் அவன் நம்மிடம் என்ன சொன்னான் என்பது, கொண்டுவந்தவரின் உண்மையில்தான் நிற்கிறது. அதனால்தான் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஃபா குன்றில் ஏறிய அன்று, இந்த மலைக்குப் பின்னால் ஒரு படை வருகிறது என்றால் நம்புவீர்களா என்று முதலில் கேட்டார்கள். உங்களிடம் பொய்யைக் கண்டதில்லை என்று குறைஷிகள் பதில் சொன்ன பிறகே தாம் சொல்ல வந்ததைச் சொன்னார்கள். நாற்பது வருட உண்மையை முதலில் முன்வைத்தார்கள், மற்றது பிறகு. ஆக, மார்க்கத்துக்காகச் சொல்லும் பொய் மற்றப் பொய்களைப் போன்றது அல்ல. எந்தக் கயிற்றைப் பிடித்துச் செய்தி நம்மிடம் வந்து சேர்ந்ததோ அதையே அது அறுக்கிறது. பையனிடம் நான் அறுத்தது அதைத்தான்.

நம்முடைய அடுத்த பழக்கம், கேள்வி வந்ததும் பட்டியல் வாசிப்பது. இப்னு ஹைஸம், அல்குவாரிஸ்மி, இப்னு ஸீனா. பெருமைதான். ஆனால் "அல்லாஹ் இருக்கிறானா" என்று கேட்டவனுக்கு "அல்ஜீப்ரா எங்களுடையது" என்பது பதில் ஆகாது.

இந்த விவாதம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1882லேயே சென்னையில் இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்ற பத்திரிகையைத் தமிழில் நடத்தி, கடவுள் உண்டா என்று வெளிப்படையாக எழுதினார்கள். 1921ல் நம் பக்கத்து பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகளோடு நின்ற சிங்காரவேலர், பிற்காலத்தில் 'குடி அரசு' பத்திரிகையில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதிய நாத்திகர். ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் அவர் பெயரில்தான் இருக்கிறது. பெரியார் கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசினார், மீலாது மேடைகளுக்கும் அழைக்கப்பட்டார். நம் பெரியவர்கள் எதிரில் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களுடைய ஈமான் கரைந்து போகவில்லை.

ஆனால் 2017 மார்ச் 16 இரவு கோயம்புத்தூரில் நடந்ததை நாம் பேசாமல் தவிர்க்கிறோம். நம் சமுதாயத்தில் பிறந்து, நம்பிக்கையை விட்டுவிட்டு, திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்த ஃபாரூக் என்பவர், 31 வயது, வெட்டிக் கொல்லப்பட்டார். பழைய இரும்பு வியாபாரம் செய்தவர், குழந்தைகளின் தகப்பன். வாட்ஸ்அப்பில் கடவுள் மறுப்புக் கருத்துகளைப் பதிவிட்டதே காரணம் என்று சொல்லப்பட்டது. அந்த வழக்கில் கைதானவர்கள் முஸ்லிம்கள். சில நாட்களில், ஈமானோடு வாழ்ந்து வந்த அவருடைய தந்தை, தானும் மகனின் இயக்கத்தில் சேரப்போவதாகச் சொன்னார் என்று பத்திரிகைகளில் வந்தது.

அந்தச் செய்தியை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். இஸ்லாத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கத்தியை எடுத்தவர்கள் எதைக் காப்பாற்றினார்கள்?

"பழைய ஃபிக்ஹு கிதாபுகளில் முர்தத்துக்கு மரண தண்டனை இருக்கிறதே ஹஜ்ரத்" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, நானும் ஓதியிருக்கிறேன். அதே கிதாபுகள் அந்த அதிகாரத்தை ஆட்சியாளரிடம் வைக்கின்றன, தெருவில் போகிறவனிடம் அல்ல. அவனுக்குச் சந்தேகம் இருந்தால் முதலில் அதைத் தீர்த்து வை என்கின்றன. ஃபாரூக்கின் சந்தேகத்தைத் தீர்க்க யார் போய் உட்கார்ந்தோம்? இந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ ஒப்புக்கொண்டவர்கள் நாம், ஒப்பந்தத்தை மீறுவது நமக்கு ஹராம். நம் பாங்குக்கும் தொழுகைக்கும் காவலாக இருக்கிற அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் என்றுதான் ஆரம்பிக்கிறது. அது அவருக்கும் காவல். பகரா சூராவின் 256ஆவது வசனம் மார்க்கத்தில் கட்டாயத்துக்கு இடமில்லை என்று தெளிவுபடுத்திவிட்டது. நான்கு வசனம் தள்ளி, 260ல், இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டும்படி இப்ராஹீம் நபி (அலை) அல்லாஹ்விடமே கேட்கிறார்கள், மனம் அமைதி பெறுவதற்காக. அல்லாஹ் கோபப்படவில்லை, காட்டினான்.

தங்கள் மனதில் வரும் எண்ணங்களை வாயால் சொல்லவே பயமாக இருக்கிறது என்று ஸஹாபாக்கள் சிலர் வந்து சொன்னபோது, அதுவே தெளிவான ஈமான் என்று நாயகம் (ஸல்) ஆறுதல் சொன்னார்கள். நாமோ பிள்ளை வாயைத் திறந்ததும் "அஸ்தக்ஃபிருல்லாஹ் சொல்லுடா" என்று அடக்குகிறோம். அவன் வீட்டில் வாயை மூடிக்கொள்கிறான், போனில் திறக்கிறான்.

அந்த இரவு பையனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "நான் சொன்னது தப்பு. ஜும்ஆவில் எல்லார் முன்னாடியும் திருத்துவேன். மத்ததையெல்லாம் நீ ஒண்ணொண்ணா கேளு. தெரிஞ்சா சொல்றேன், இல்லன்னா தேடிப் பார்த்துச் சொல்றேன்." திண்ணையில் காத்திருந்த அத்தாவுக்கு ஏமாற்றம். ஓதி ஊதி, ஒரு தாயத்தாவது கட்டி அனுப்புவேன் என்று எதிர்பார்த்தார். அவரிடம், "மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கினால் என்ன செய்வீர்கள் பாய்?" என்று கேட்டேன். "துஆ செய்வேன், கார்ப்பரேஷனுக்கும் போன் போடுவேன்" என்றார். "பையனுக்கும் இரண்டும் வேணும். நீங்கள் துஆ செய்யுங்கள், போன் என்னிடம் வரட்டும்" என்றேன்.

வியாழக்கிழமை தோறும் இஷாவுக்குப் பிறகு வருகிறான். போன வாரம் அந்த நண்பரையும் அழைத்து வரலாமா என்று கேட்டான். வரட்டும் என்றேன். தொழுகிறானா என்று அவனிடம் நான் கேட்பதில்லை, அவனுடைய அத்தா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடைசியாக அவன் கேட்டது, ஆதம் (அலை) அவர்களின் படைப்பையும் பரிணாமக் கொள்கையையும் எப்படி ஒன்றாக வைத்துப் புரிந்துகொள்வது என்று. அவசரப்பட்டு ஒரு பதிலைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, இரண்டு கிதாபுகளைப் பார்க்க வேண்டும், உயிரியல் படித்த ஒருவரிடமும் கேட்க வேண்டும், வருகிற வியாழன் வா என்று அனுப்பியிருக்கிறேன்.