வேலியோடு நிற்கும் பாட்டு

கிற்றார் வாசிப்பது கூடுமா கூடாதா என்று யாராவது கேட்டால் நம்மிடம் இரண்டு விடைகள் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். பட்டையும் மதுவையும் இசைக்கருவிகளையும் ஒரே மூச்சில் கண்டிக்கும் புகாரி ஹதீஸை ஒரு சாரார் எடுத்து வைப்பார்கள். பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமியர் பாடிக்கொண்டிருந்ததையும், அபூபக்கர் (ரலி) அவர்கள் அதட்டியபோது அவர்களை விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் மறு சாரார் காட்டுவார்கள். பிறகு இப்னு ஹஸ்ம் வருவார். முதல் ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரில் குறை கண்டவர் என்பதால் ஒரு தரப்புக்கு அவர் வேண்டியவர், மற்றத் தரப்புக்கு வேண்டாதவர். அதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். இரு தரப்பு வாதங்களையும் கேட்டு வளர்ந்தவன், அவ்வளவுதான். ஆனால் இரு தரப்பும் கருவியைப் பற்றியே பேசுகின்றன. அது எங்கே வாசிக்கப்படுகிறது, யார் சுற்றி இருக்கிறார்கள், யாருடைய காதில் போய் விழுகிறது என்பவை பேச்சில் வருவதேயில்லை. எனக்கு இந்தக் கேள்விகள் கிதாபுகளிலிருந்து வரவில்லை. கொடிகாமத்தில் ஒரு வீட்டு முற்றத்திலிருந்து வந்தன.

நான் சாவகச்சேரிக்காரன். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ் நகரத்தவருக்கு அது 30ஆம் திகதி. எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முந்தியே வந்துவிட்டது. அதன் பிறகு என் சீவியம் புத்தளம் பக்கத்தில். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் ஒருவன் கொடிகாமத்தில் இருக்கிறான். 2014 ஒக்டோபரில் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியதிலிருந்து வருடத்துக்கு ஒருதரமாவது அனுராதபுரத்தில் ஏறிக் கொடிகாமத்தில் இறங்கிவிடுவேன். பருத்தித்துறை வீதி பிரிகிற சந்தி, தேங்காயும் பலாப்பழமும் குவிந்து கிடக்கும் சந்தை, பிறகு பனைகளும் மாமரங்களும் நிற்கும் வளவுகள். மஃரிப் நேரம் வந்ததும் நண்பனின் தாயார் உள்ளறையில் கழுவிக் காயவைத்த பாயொன்றை விரித்து விடுவார். நான் தொழுதுவிட்டு வெளியே வரும்போது முற்றத்தில் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். நண்பன் கிற்றாரை மடியில் வைத்து ஆணிகளைத் திருகிக்கொண்டிருப்பான். இப்போது அவனுடைய மகள் கைத்தொலைபேசியைப் பக்கத்தில் பிடித்து எந்த நரம்பு இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறாள். மூன்றாவது நரம்பு எப்படியும் அரை மணித்தியாலத்தில் மறுபடி இறங்கிவிடும்.

அவனுக்குத் தெரிந்தது நாலைந்து கோட்தான். அதற்குள் அடங்கும் பாட்டெல்லாம் வரும். விஸ்வநாதனும் இளையராஜாவும் வருவார்கள். எழுபதுகளின் நமது பொப்பிசை வரும். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், சுராங்கனி. இரண்டாவது சரணத்தில் எல்லோருக்கும் சொற்கள் மறந்துபோகும். யாரோ "லாலலா" என்று இழுத்துப் பல்லவிக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். நண்பனின் தாயாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் ஒவ்வொரு முறையும் கேட்பது நாகூர் ஹனீபாவின் பாட்டு. அந்தக் காலத்து இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியை விடியப்புறம் அடுப்படியில் இருந்து கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறார். 2015இல் ஹனீபா காலமான செய்தியை எனக்குத் தொலைபேசியில் முதலில் சொன்னவரும் அவர்தான். "தம்பி, உங்கட ஆள் போட்டார்" என்றார். 'உங்கட' என்று அவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் உறைத்தது. அவருக்கும் சொந்தக்காரர்தானே ஹனீபா. அவருடைய பாட்டுகளில் எத்தனை கருவிகள் ஒலிக்கின்றன என்று நம் வீடுகளில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை என்பதையும் இங்கே ஒரு ஓரமாகச் சொல்லிவைக்கிறேன்.

இந்த இடத்தில் இமாம் கஸ்ஸாலியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. 1111இல் மறைந்த அந்தப் பெரியார் இஹ்யாவில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு முழு நூலை ஒதுக்கியிருக்கிறார். இனிமையாக இருக்கிறது என்பதற்காக எதுவும் ஹராமாகிவிடாது என்பது அவர் வாதம்; அப்படியானால் குயிலின் குரலும் ஹராமாக வேண்டும் என்று நாம் அதை நம்மூர் முறையில் விரித்துக்கொள்ளலாம். ஆனாலும் நரம்புக் கருவிகளை அவர் தடுக்கிறார். காரணம், அவை அவருடைய காலத்தில் குடிகாரர்களின் சபைக்கு அடையாளமாக இருந்தன, குடியை நினைவூட்டின. இதை விளக்க அவர் தரும் உதாரணம் விசேஷமானது. சிலர் கூடிச் சபையை அலங்கரித்து, மதுக் கிண்ணங்களை வைத்து, ஊற்றிக் கொடுக்க ஆளும் நியமித்து, அந்தக் கிண்ணங்களில் தேனும் காடியும் கலந்த பானத்தை ஊற்றிக் குடித்தால், பானம் ஹலாலாக இருந்தும் அந்தச் செயல் கூடாது என்கிறார். பார்வைக்கு அது குடிகாரர் சபை. அடுத்ததாக, ஒருவகை மேலங்கியைப் பற்றிச் சொல்கிறார்: தீயவர்கள் அணியும் ஊரில் அதை அணியக் கூடாது, ஆனால் நல்லவர்கள் அணிகிற ஆற்றுக்கு அப்பாலுள்ள நாடுகளில் அணியலாம்.

நம்மவர்கள் கஸ்ஸாலியிடமிருந்து தடையை எடுத்துக்கொண்டு காரணத்தை அங்கேயே விட்டுவந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். காரணத்தையும் சேர்த்து எடுத்தால் ஒவ்வொரு ஊரிலும் கேட்க வேண்டியிருக்கும்: இங்கே கிற்றார் யாருடைய அடையாளம்?

தென்மராட்சியில் இதை நேர்மையாகக் கேட்டால் விடை அவ்வளவு வசதியாக இல்லை. யாழ்ப்பாணத்தில் கிற்றார் தேவாலயப் பாடகர் குழுவிலும் இருந்தது, மார்கழியில் கரோல் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்களின் தோளிலும் இருந்தது. கள்ளும் சாராயமும் வைத்துக்கொண்டு பைலா பாடிய கூட்டங்களிலும் இருந்தது. பனை நிற்கிற ஊரில் கள் இல்லாமல் போகுமா? என் நண்பன் வீட்டு முற்றத்தில் ஒரு காலத்தில் போத்தல் இருந்திருக்கிறது. நான் வரத் தொடங்கிய பிறகு இல்லை. "நீ வாறாய் எண்டால் சாமானை எடுக்கிறேல்லை மச்சான், பேந்து நீ எழும்பிப் போவாய்" என்று அவனே ஒருநாள் சொன்னான். எழும்பித்தான் போயிருப்பேன். பிளேன்ரீயும் வாய்ப்பனும் வைத்துக்கொண்டு அவனுடைய மைத்துனர்மார் பாடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். கஸ்ஸாலி சொன்ன கிண்ண உதாரணம் இங்கே தலைகீழாகி நிற்கிறது: குடிச்சபையாக இருந்த வட்டம் ஒருவன் வந்து குந்தியதால் வேறு சபையாகிவிட்டது. கருவி அதே கருவிதான்.

இனி, 'கிற்றார்' என்ற சொல்லே அரபியின் 'கீதாரா' வழியாக ஸ்பெயினுக்குப் போனது, அதற்கு முன் கிரேக்கத்தில் இருந்தது, 822இல் குர்துபாவுக்கு வந்த ஸிர்யாப் ஊதுக் கருவிக்கு ஐந்தாவது நரம்பு சேர்த்ததாகச் சொல்வார்கள் என்றெல்லாம் அடுக்கி, ஆகவே இது நம்முடைய சொத்து என்று முடிக்கிற கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. சந்தோஷம்தான். ஆனால் ஒரு பொருள் நம் பாட்டனிடம் இருந்தது என்பதால் ஆகுமானதாகிவிடாது. 1977இல் இஸ்லாத்தைத் தழுவிய யூசுப் இஸ்லாம் பிறகு தம் கிற்றார்களை விற்றுத் தர்மம் செய்ததையும், பல வருடங்களின் பின் மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கிற்றாரைக் கையில் எடுத்து 2006இல் மீண்டும் இசைத்தட்டு வெளியிட்டதையும் இரு தரப்பும் தமக்குச் சாட்சியாகக் காட்டுகின்றன. அவர் மேடைப் பாடகர். என் கேள்வி மேடையில்லாத பாட்டைப் பற்றியது.

மேடையில்லாத பாட்டுக்குக் கேட்பவர் என்று தனியாக யாருமில்லை. ஒலிவாங்கி இல்லாத கிற்றார் எவ்வளவு தூரம் கேட்கும்? ஒரு வளவு. வேலி வரைக்கும், காற்று இருந்தால் வேலிக்கு அப்பால் கொஞ்சம். அதைவிட உரத்துக் கேட்க வேண்டுமென்று முற்றத்தில் இருப்பவர் எவரும் ஆசைப்படுவதில்லை. ஒலிபெருக்கிக்கு இந்த அடக்கம் கிடையாது. கோயில் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கி, நம் பள்ளிவாசலின் கூம்பு ஒலிபெருக்கி இரண்டையும்தான் சொல்கிறேன். 2007 நவம்பரில் வெலிகமைப் பள்ளிவாசல் சம்பந்தமான வழக்கில் உச்ச நீதிமன்றம் இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் ஒலிபெருக்கி பாவிப்பதைக் கட்டுப்படுத்தியபோது நமது பத்திரிகைகளில் எவ்வளவு கோபம்! அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. பள்ளியில் சிலர் உரத்து ஓதிக்கொண்டிருந்தபோது திரையை விலக்கி, ஒருவர் மற்றவருக்குத் தொல்லை கொடுக்க வேண்டாம், ஓதும்போது ஒருவர் குரலுக்கு மேல் மற்றவர் குரலை உயர்த்த வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஓதப்பட்டது குர்ஆன். கிற்றார் கூடுமா என்று இரவிரவாக வாதிப்பவர்கள் இந்த ஹதீஸைத் தொடுவதில்லை.

சத்தத்தின் எல்லையை நான் படித்தது புத்தளத்து அகதி முகாமில். கிடுகுக் குடிசைக்குச் சுவர் கிடையாது. பக்கத்துக் குடிசையில் ஒருவர் புரண்டு படுத்தால் இங்கே கேட்கும். உம்மா தங்கைக்குத் தாலாட்டுப் பாடுவதை அங்கேதான் மெல்ல மெல்ல நிறுத்தினார். சாவகச்சேரியில் அவருடைய குரல் கிணற்றடி வரை வரும். முகாமில் முதலில் முணுமுணுப்பாகி, பிறகு தட்டிக்கொடுப்பு மட்டுமானது. யாரும் அவரைப் பாட வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்துக் குடிசையில் ஒரு மையித்து விழுந்த வாரம் அது. நாற்பது கழிந்த பிறகு தொடங்குவார் என்று நினைத்தேன். அதற்குள் அடுத்த குடிசையில் இன்னொரு துக்கம். அந்தத் தாலாட்டின் சொற்கள் இன்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கொடிகாமத்துக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. 1995 ஒக்டோபர் 30, யாழ் நகர முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு ஐந்து வருடம் சரியாக நிறைந்த அதே நாள், வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். நண்பனின் வளவில் மாமரத்துக்குக் கீழே பல குடும்பங்கள். மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். அப்போது வந்து தங்கிய குடும்பமொன்று திரும்பிப் போகும்போது விட்டுச்சென்றதுதான் இந்தக் கிற்றார். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி போர்க்களமானபோது நண்பனின் வீட்டுக் கூரை போய்விட்டது. ஓடும்போது அவன் தங்கை கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். காணி உறுதியை விட்டுவிட்டு இதை எடுத்தாளே என்று தாயார் இன்றைக்கும் ஏசுகிறார்.

கிழக்கு வேலிக்கு அப்பால் ஒரு தாய் இருக்கிறார். 2007இல் கூட்டிச் செல்லப்பட்ட அவருடைய மகன் இன்னும் வரவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரப் போராட்டத்தைத் தொடங்கியபோது அவரும் படத்தோடு போய் இருந்தார். மகன் கூட்டிச் செல்லப்பட்ட திகதியில் நண்பன் கிற்றாரை உறையிலிருந்து எடுப்பதில்லை. இதை அவன் ஒரு மரியாதையாகச் செய்கிறான், நான் மதிக்கிறேன். ஆனால் துக்கம் நாட்காட்டி பார்த்து வருமா என்று அவனிடம் கேட்டேன். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அந்த வேலிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று நமக்கு என்ன தெரியும்? அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பிடிப் பாத்தால் இந்த ஊரில ஒருத்தனும் வாய் திறக்கேலாது. எந்த வேலிக்கு அங்கால செத்தவீடு இல்லை?" என்றான். அவன் சொன்னதும் சரிதான். உம்மாவின் தாலாட்டுக்கு நடந்தது அதுதானே.

இப்னு உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு சம்பவம் உண்டு. இடையனின் குழலோசை கேட்டதும் காதுகளில் விரலை வைத்துக்கொண்டு வழியை விட்டு விலகிப் போனார்கள். கூட வந்த நாபிஃயிடம் இன்னும் கேட்கிறதா என்று கேட்டு, கேட்கவில்லை என்ற பிறகே விரலை எடுத்தார்கள். தடுப்பவர்களும் அனுமதிப்பவர்களும் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அபூதாவூதே இதைப் பலமற்றது என்கிறார். எனக்கு இதில் பிடித்தது, இப்னு உமர் (ரலி) அவர்கள் இடையனைத் தேடிப் போய்க் குழலைப் பறிக்கவில்லை என்பது. ஆனால் அவர்கள் வழிப்போக்கர். விலகிப் போகக் கால் இருந்தது. கிழக்கு வேலிக்கு அப்பால் உள்ள தாய் எங்கே விலகிப் போவார்?

ஆகவே அவரிடமே கேட்டுவிடுவோம், நீயும் நானுமாகப் போய்க் கேட்போம் என்றேன். நண்பன் அரை மனதோடு ஒப்புக்கொண்டான். தாயார் பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "நீங்கள் ஆம்பிளையள் போய்க் கேட்டால் அவ ஓம், பாடுங்கோ எண்டுதான் சொல்லுவா. வேற என்னத்தைச் சொல்லுறது? அந்த மனுசி ஆருக்கு இண்டைக்கு மட்டும் இல்லையெண்டு சொல்லியிருக்கு? நான் வேலியடியில நிண்டு கதைக்கேக்க பாத்துக்கொள்ளுறன்" என்றார். எப்போது கதைப்பார் என்று சொல்லவில்லை.

அன்றிரவு நண்பன் கதிரைகளை மேற்குப் பக்கம், பனைகளுக்குக் கிட்ட நகர்த்திப் போட்டான். அப்போது வாடைக்காலம், சத்தம் அந்தத் தாயின் வளவுக்குப் போயிருக்காது என்று நினைக்கிறேன். வைகாசியில் சோளகம் பெயர்ந்துவிட்டால் எங்கே கதிரை போட்டாலும் பாட்டு கிழக்கே தான் போகும். நான் அடுத்து அங்கே போவதும் வைகாசியில்தான்.