மேல்பூச்சு

வடபழனியில் ஸ்டுடியோக்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு, சர்ச் என்பது ஒரு வாரத்தில் எழும்பி, மறு வாரம் உடைகிற கட்டடம். அப்பா செட் பெயின்டர். பிளைவுட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுமான அந்தச் சர்ச்சின் கூரைக்கு, காலண்டர் படத்தைப் பார்த்துத் துணியில் தேவதூதர்களை வரைந்து தருவார். கல்யாணக் காட்சி முடிந்ததும் அதே துணிக்கு வெள்ளையடித்து, அடுத்த படத்துக்கு மேகம் போடுவார். "எல்லாம் போச்சேப்பா" என்றால், "துணி இருக்கேடா" என்பார்.

தஞ்சைப் பெரிய கோயிலை வழிகாட்டி ஒருவரோடு சுற்றியபோது அந்தத் துணி ஞாபகம் வந்தது. கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு உள்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே நம்மை விடுவதில்லை, புகைப்படங்களில்தான் பார்த்தோம். வெள்ளை யானையில் கயிலைக்குப் போகும் சுந்தரர், முன்னால் குதிரையில் சேரமான் பெருமாள், திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவன். ஈரச் சுண்ணாம்பில் தீட்டியவை என்றார் வழிகாட்டி. பூச்சு காய்வதற்குள் வேலை முடிய வேண்டும்; காயக் காய நிறம் சுவரோடு ஒன்றாகிவிடும். கை தவறினால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். சுமார் 500 ஆண்டு கழித்து மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் பட்டதும் இதே பாடு.

நாயக்கர் காலத்தில் இந்த ஓவியங்களின் மேல் புதிதாகப் பூசி வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் கீழே இருந்த பழைய ஓவியத்தைக் கண்டுபிடித்தார். பிற்பாடு தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்கள் சிலவற்றைப் பதமாக உரித்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் ஒட்டித் தனியே காத்தார்கள்.

"மூடினவனுக்கு மனசாட்சியே கிடையாதா?" என்று எங்கள் குழுவில் ஒருவர் கொதித்தார். எனக்கு ஏனோ கோபம் வரவில்லை. மூடியவனுக்கு அது அருங்காட்சியகம் இல்லையே. தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற கோயில். சிஸ்டைனிலும் இது நடந்திருக்கிறது. 1530களில் மைக்கேலாஞ்சலோ 'இறுதித் தீர்ப்பு' வரைவதற்காகப் பீடத்துச் சுவரில் ஓவியர் பெருஜினோ வரைந்திருந்தவற்றை அழித்தார்கள். கூடவே, மைக்கேலாஞ்சலோ அங்கே முன்பு வரைந்த இரண்டு ஓவியங்களும் போயின. பெருஜினோவுக்காக வருந்தலாம். தன்னுடையதையே அழிக்கக் கொடுத்தவரை என்ன சொல்வது?

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா ஒரு மலைக்காட்சி வரைந்திருந்தார். ஸ்டுடியோவில் மிஞ்சிய பெயின்ட். அருவி மட்டும் கொஞ்சம் கோணல். அவர் போய் இரண்டு வருஷத்தில் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. சுவரில் ஈரம் ஊறி மலை பாதி உரிந்திருந்தது. நான்தான் ஆளைக் கூப்பிட்டு டிஸ்டெம்பர் அடிக்கச் சொன்னேன். அன்று அம்மா கூடத்துக்கே வரவில்லை. வெகுநாள் அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

தஞ்சையிலிருந்து திரும்பி வந்து அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்பா இருந்திருந்தால் அவரே அடித்திருப்பார். ஜன்னல் ஓரத்தில் இப்படி வழிய விட்டிருக்க மாட்டார்.