வித்திடும் மகிழ்ச்சி அறமாகுமா?

இளவேனில் பிறந்ததும் வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பகுதிகளில் நீர்வளம் உள்ளோர் சொர்ணவாரிப் பட்டத்திற்கு நாற்றங்கால் அமைப்பர். விதைநெல்லை ஒருநாள் ஊறவைத்து, வடித்து, கோணிச் சாக்கில் கட்டி வைத்தால் மறுநாள் வெண்முளை தலைகாட்டும். அதைக் கண்டு மகிழாத உழவர் இலர். தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் வழிவழியாக உழுதுண்டு வாழ்ந்தவராதலின், இம்மகிழ்ச்சி நம் இல்லங்கள் நன்கறிந்ததே.

ஆயினும் ஏர் சென்ற சாலின் பின்னே கொக்குகள் தொடர்வது எதனால்? புரண்ட மண்ணில் புழுவும் பூச்சியும் வெளிப்படுவதாலன்றோ? கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இத்தொழிலில் மகிழ்தல் தகுமா?

கற்பக மரங்கள் மறைந்த காலத்தில் விருஷப தேவரே வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார். ஆதலின் உழவில் பாவமில்லை என்று முடித்துவிடுவோர் உண்டு. அது அவசர முடிவு. சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என ஹிம்சையை நான்காகப் பகுத்த நம் முன்னோர், தொழிலில் நேரும் கொலையை உத்தியோக ஹிம்சை என்றனர். இல்லறத்தார்க்குத் தவிர்க்க இயலாதது என்றனரேயன்றி, ஹிம்சையே அன்று எனக் கூறினாரல்லர்.

விதையைப் பற்றியும் நம் புராணங்களில் நுட்பமானதொரு வழக்கு உண்டு. 'அஜம்' கொண்டு வேள்வி செய்க என்னும் தொடரில் அச்சொல் ஆட்டைக் குறிக்கும் என்றான் பர்வதன். முளைக்கும் ஆற்றல் அற்ற, மூன்றாண்டு கடந்த தானியமே அது என்றான் நாரதன். இருவருடனும் ஒரே ஆசிரியரிடம் பயின்ற வசு மன்னன், உண்மை அறிந்தும் பர்வதன் பக்கம் தீர்ப்பளித்து, அரியணையோடு வீழ்ந்தான். முளைக்கும் நெல்லுக்கும் முளையா நெல்லுக்கும் வேறுபாடு காணும் அளவிற்கு ஓரறிவுயிரை மதித்த மரபு நம்முடையது. அம்மரபில் நின்று நோக்கின், குதிரிலுள்ள நெல்லுள் உலைக்குச் செல்வது முளைக்கும் ஆற்றலை இழக்கிறது. சேற்றுக்குச் செல்வதே அதைக் காக்கிறது. உழவன் முளையைக் கண்டு மகிழ்வது இவ்வுயிர்ப்பை எண்ணியே. புழு மாண்டதை எண்ணியன்று. அம்மகிழ்ச்சியைக் குற்றமென நான் கருதவில்லை.

ஆனால் நாற்றில் பூச்சி கண்டவுடன் நஞ்சு தெளிக்கிறோமே, அது எவ்வகை ஹிம்சை? உழும்போது புழு சாவது நம் நோக்கமன்று. தெளிக்கும்போது சாவதே நோக்கம். அதையும் உத்தியோகம் என்னும் பெயருக்குள் மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேப்பங்கொட்டைக் கரைசல் பெரும்பாலும் பூச்சியை உண்ணவிடாது விலக்குகிறது என்பர். அதுவும் முற்றும் தீங்கற்றதன்று. எனினும் கொல்லுதலுக்கும் விலக்குதலுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று.

நிலத்தை விற்று நகரேறிய நம்மவர் சிலர், தம் கையில் பாவமில்லை என்று ஆறுதல் கொள்வதுண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில்கள் எனக் கற்ற நாம், கடையில் வாங்கும் அரிசிக்கும் எவனோ ஒருவன் உழுதான் என்பதை மறத்தல் ஆகாது.

சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் சிராவகர்க்குப் பதினொரு படிகள் வகுத்தார். ஏவல், உழவு, வாணிகம் முதலிய ஆரம்பங்களை விடுவது எட்டாம் படியில்தான். அதன்பின்னும் உடன்பாடு எஞ்சி நிற்கும். அதைத் துறப்பது பத்தாம் படி. அந்நிலை எய்தியவர், இவ்வாண்டு என்ன விதைத்தாய் என்று மகனைக் கேட்பதையும் விட்டுவிடுவார்.