வேர் தாங்கும் கிளை

ஒரு சமயத்தின் பிறப்பிடத்தை ஆராயத் தொடங்கினால் அச்சமயத்தாருள் சிலர் முகம் சுளிப்பதும், பிற சமயத்தாருள் சிலர் உள்ளூர மகிழ்வதும் உலக வழக்கு. "அதிலிருந்து வந்ததுதானே இது" என்னும் ஒரு தொடர் ஒருவர்க்கு இழிவாகவும் மற்றவர்க்கு வெற்றியாகவும் படுகிறது. கிறித்தவம் யூத நெறியினின்று கிளைத்தது என்னும் வரலாற்றுச் செய்தியும் நெடுங்காலமாக இவ்வாறே இருபுறமும் இழுக்கப்பட்டு வந்துள்ளது. அச்செய்தியின் உண்மையில் ஐயமில்லை. ஐயத்திற்குரியது வேறொன்று. வேர் இன்னதென்று அறிந்த கிளை அவ்வேருக்குச் செய்ய வேண்டிய கடன் யாது? பெற்றவளின் பெயரை மறைப்பதா? அவள் உயிரோடிருக்கும்போதே அவள் வீட்டைத் தன்னுடையதென்று சொல்லிக்கொள்வதா? இவ்விரண்டும் அல்லாத வழி ஒன்று உண்டா?

இவ்வினாக்களை எண்ணிப் பார்க்க எருசலேம் வரை செல்ல வேண்டுவதில்லை. பழஞ்சேர நாட்டில், கொச்சியின் மட்டாஞ்சேரியில், 'ஜூ டவுன்' எனப்படும் யூதர் தெருவே போதும். மிளகும் ஏலமும் சுக்கும் மணக்கும் அத்தெருவின் கோடியில் 1568இல் எழுந்த தொழுகைக்கூடம் நிற்கிறது. கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே அதற்கு இடமளித்தார். அரண்மனைக்குள் இருக்கும் பழையன்னூர் பகவதி கோயிலும் யூதரின் தொழுகைக்கூடமும் அண்டை வீடுகள் போல் விளங்குகின்றன. அதே மட்டாஞ்சேரியில்தான் கேரளக் கிறித்தவர் வரலாற்றை இரண்டாகப் பிரித்த கூனன் சிலுவை உறுதிமொழியும் 1653இல் எடுக்கப்பட்டது. நம் வினாவின் இரு பக்கங்களும் ஓர் ஊரிலேயே எதிரெதிரே நிற்பதை நாம் காண்கிறோம்.

முதலில் வேரைக் காண்போம். இயேசு யூதராகப் பிறந்தார். யூதராக விருத்தசேதனம் பெற்றார். யூதரின் தொழுகைக்கூடங்களில் போதித்தார். பாஸ்கா விழாவை ஒட்டி யூதராகவே இறந்தார். அவருடைய அன்னையும் முதல் சீடர்களும் யூதரே. அவர் மேற்கோள் காட்டிய மறைநூல் யூதரின் மறைநூலே. புதிய ஏற்பாடு என்னும் நூல் அந்நாளில் இல்லை. 'மேசியா' என்னும் எபிரேயச் சொல்லின் கிரேக்க மொழிபெயர்ப்பே 'கிறிஸ்து' என்பது. இன்று தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் ஒலிக்கும் 'ஆமென்', 'அல்லேலூயா', 'ஓசன்னா' ஆகியன எபிரேய மண்ணில் பிறந்த சொற்கள். 1947 முதல் சாக்கடற் குகைகளில் கிடைத்த சுவடிகள், அக்கால யூத நெறி ஒற்றைப் போக்குடையதன்று, பல குழுக்களும் பல எதிர்பார்ப்புகளும் நிறைந்தது என்பதைப் புலப்படுத்தின. இயேசுவைப் பின்பற்றியோர் அக்குழுக்களுள் ஒன்றாகவே தோன்றினர் என்பர் ஆய்வாளர்.

அவ்வாறாயின் பிரிவு எங்கே நேர்ந்தது? இங்கேதான் வாதம் பிறக்கிறது. யூதராகவே வாழ்ந்த ஒருவரின் போதனையைப் பவுல் கிரேக்க உலகுக்குக் கொண்டு சென்று வேறொரு சமயமாக்கிவிட்டார் என்பார் ஒரு சாரார். இயேசுவின் நெறி முற்றிலும் புதியது, யூதம் அதன் வெறும் உமி என்பார் மற்றொரு சாரார். நாம் அறிந்த அளவில் இரண்டும் பாதி வழியில் நின்றுவிடும் கூற்றுகள்.

ஏறத்தாழ கி.பி. 50இல் எருசலேமில் கூடிய சீடர்கள் ஒரு வினாவை எதிர்கொண்டனர். யூதரல்லாதார் இந்நெறிக்கு வருங்கால் முதலில் யூதராக வேண்டுமா? விருத்தசேதனமும் திருச்சட்டம் முழுமையும் அவர்க்குக் கட்டாயமா? வேண்டுவதில்லை, சில விலக்குகளைக் காத்தால் போதும் என்று முடிவாயிற்று. அம்முடிவை எடுத்தவர் அனைவரும் யூதர். எனவே அயலார்க்குக் கதவைத் திறந்தவை யூதக் கைகளே. பவுலும் தம் இனத்தை உதறியவர் அல்லர். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் அவர் ஓர் ஒலிவ மரத்தை உவமை கூறுகிறார். யூதரல்லாதார் அதில் ஒட்டப்பட்ட காட்டுக்கிளை. கிளை பெருமை பேசலாகாது, ஏனெனில் வேரைக் கிளை தாங்கவில்லை, வேரே கிளையைத் தாங்குகிறது என்பது அதன் கருத்து. ஒட்டு மாங்கன்று வைத்து வளர்த்த நம்மவர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஒட்டிய கிளை தன் சுவையிலேயே கனி தருகிறது. ஆனால் நீர் வருவது வேரிலிருந்து. சுவை வேறு என்பதும் உண்மை, நீர் ஒன்று என்பதும் உண்மை.

கி.பி. 70இல் உரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. பலியும் ஆலயமும் இல்லாத யூத நெறியை மறைநூல் ஆசிரியர்களாகிய ரபிகள் புதிதாகக் கட்டியெழுப்பினர். அதே காலத்தில்தான் நற்செய்தி நூல்களும் உருப்பெற்றன. ஆகவே கிறித்தவத்தைத் தாய்க்குப் பிறந்த மகள் என்பதினும், இடிந்த வீட்டிலிருந்து வெளியேறிய உடன்பிறப்புகளுள் ஒருவர் என்பதே பொருந்தும் என்று அண்மைக் கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பிரிவும் ஒரே நாளில் நேர்ந்ததன்று. 386ஆம் ஆண்டளவில் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம், கிறித்தவர்கள் யூத விழாக்களுக்குச் செல்வதைக் கடிந்து தொடர்ந்து சொற்பொழிவாற்ற வேண்டியிருந்தது. கடிய வேண்டியிருந்தது என்பதே மக்கள் சென்றுகொண்டிருந்தனர் என்பதற்குச் சான்று.

பிழை எங்கே நுழைந்தது என்பதை இனி ஆராயலாம். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பார் யூத மறைநூல் முழுவதையும் தள்ளிவிட வேண்டும் என்றார். 144இல் உரோமைத் திருச்சபை அவரைத் தள்ளியது; நூலைத் தள்ளவில்லை. அது நற்செயல். ஆனால் நூலை வைத்துக்கொண்ட திருச்சபை, அந்நூலுக்குரிய மக்களை மெல்ல மெல்ல விலக்கியது. உயிர்ப்புப் பெருவிழாவின் நாளை இனி யூதர் கணக்கைக் கொண்டு குறிக்கலாகாது என 325இல் நிசேயாப் பொதுச்சங்கம் விதித்தது. 'உண்மையான இசுரவேல் நாமே' என்னும் எண்ணம் வலுத்தது. ஒருவர் இறந்த பின்னரே மற்றவர் மரபுரிமை பெறுவது நம் வழக்கு. உரியவர் உயிரோடிருக்கும்போதே உரிமை கோரியவர்க்கு, அவர் உயிரோடிருப்பதே உறுத்தலாகிவிடும். ஐரோப்பாவில் யூதர் பட்ட துன்பங்களுக்குக் காரணங்கள் பல. இவ்வுறுத்தலும் அவற்றுள் ஒன்று.

சேர நாட்டில் வேறொரு வழி இருந்தது. மார்த்தோமாக் கிறித்தவர்கள், தோமையார் கி.பி. 52இல் முசிறித் துறையில் இறங்கினார் என்றும், அங்கிருந்த யூதர் நடுவே முதலில் போதித்தார் என்றும் மரபு கூறுவர். அவர்கள் வழிபாட்டு மொழியாகிய சுரியானி, இயேசு பேசிய அரமேயத்தின் கிளை. பெரிய வியாழன் இரவில் அவர்கள் இல்லங்களில் புளிப்பில்லாத மாவால் அப்பம் செய்து, அதன்மேல் குருத்தோலைச் சிலுவை வைத்து, குடும்பத் தலைவர் அதைப் பிட்டு, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பாலுடன் எல்லோர்க்கும் வழங்குவார். அதன் பெயர் பெசகா அப்பம். 'பெசாக்' என்னும் யூத விழாவின் பெயரே அது. மலையாளத்தில் யூதரின் தொழுகைக்கூடமும் பள்ளி, கிறித்தவரின் தேவாலயமும் பள்ளி, முகமதியரின் தொழுகையிடமும் பள்ளி. சமணரும் பௌத்தரும் வாழ்ந்த உறைவிடங்களுக்குப் பழந்தமிழர் வழங்கிய சொல் இவ்வாறு எல்லோர்க்கும் பொதுவாயிற்று.

செப்பேடுகளும் இதையே சொல்கின்றன. ஏறத்தாழ கி.பி. 1000இல் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கினான். பல்லக்கும் குடையும் பகல்விளக்கும் பறையும் அவற்றுள் அடங்கும். வட்டெழுத்தில், தமிழோடு நெருங்கிய அந்நாளைய மொழியில் பொறித்த அவ்வேடுகள் இன்றும் ஜூ டவுன் தொழுகைக்கூடத்தில் காக்கப்படுகின்றன. அதனினும் மூத்தது கி.பி. 849இல் வேணாட்டு ஐயனடிகள், கொல்லத்தில் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவத் தேவாலயத்துக்கு அளித்த செப்பேடு. அப்பள்ளியைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகர் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் சான்றாளர்கள் அரபி எழுத்திலும் பகலவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். எபிரேய எழுத்தில் இட்டோர் யூதர். ஒரு கிறித்தவத் தேவாலயத்தின் உரிமைக்கு யூதர் சாட்சி நின்றனர் என்பது சிறு செய்தியன்று. கிளையின் உரிமைக்கு வேர் சாட்சி சொல்லியது; அதனால் வேர் குறைந்துவிடவும் இல்லை, கிளை அடிமையாகிவிடவும் இல்லை.

போர்ச்சுகீசியர் 1500இல் கொச்சிக்கு வந்தனர். மதம் மாறிய பின்னும் யூத வழக்கங்களைக் கைவிடாதவர் என ஐயுற்றோரைத் தேடிப் பிடித்தது 1560இல் கோவாவில் நிறுவப்பட்ட சமய விசாரணை மன்றம். அதே அதிகாரத்தின் துணையோடு 1599இல் உதயம்பேரூரில் பேராயர் மெனேசிஸ் கூட்டிய மன்றம், சுரியானிக் கிறித்தவரின் நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் பொறுத்த அம்மக்கள் மட்டாஞ்சேரியில் கூடி, இனி அவ்வாட்சிக்குப் பணியோம் என உறுதி பூண்டனர். ஒன்பது ஆண்டுகளின் பின், ஒல்லாந்தரை ஆதரித்தமைக்காக யூதரின் தொழுகைக்கூடம் போர்ச்சுகீசியரால் சேதமுற்றது. யூதரைப் பொறுக்காத அதே கை, தன்னைப் போல் வணங்காத கிறித்தவரையும் பொறுக்கவில்லை. வேரை வெறுக்கக் கற்றவன் விரைவில் பிற கிளைகளையும் வெட்டத் தொடங்குகிறான். நாம் ஈண்டுக் காணும் படிப்பினை இதுவே.

பிழை ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததா எனின், இல்லை. மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடத்தை எழுப்பியோர் இசுபானியா முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்டு வந்தோர். 'பரதேசி யூதர்' என்பது அவர்கள் பெயர். துரத்தப்பட்ட அவர்களே, தமக்கு முன்பே இங்கு வாழ்ந்த மலபார் யூதரைத் தம்மினும் தாழ்ந்தோராகக் கருதினர். அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்ட யூதர் வழிவந்தோரைத் தொழுகைக்கூடத்தினுள் சமமாக அமர விடவில்லை. அவ்வழியில் தோன்றிய வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் காந்தியடிகளின் அறப்போர் முறையைக் கைக்கொண்டு உள்ளேயே போராடினார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. கி.பி. 50இல் எருசலேமில் எழுந்த அதே வினாதான் இருபதாம் நூற்றாண்டில் மட்டாஞ்சேரியிலும் எழுந்தது: உள்ளே அமரத் தக்கவர் யார்? வேரின் தூய்மையைக் காக்கிறோம் என்போரும், வேரே வேண்டா என்போரும் இறுதியில் ஒரே கதவைத்தான் சாத்துகின்றனர்.

"அப்படியாயின் இரு சமயங்களும் ஒன்றே என்று சொல்லிவிடலாமே" என்று ஒருவர் கேட்கலாம். அதுவும் பொய்யாகும். இயேசுவை மேசியா என்று ஒருவர் ஏற்கிறார், மற்றவர் ஏற்கவில்லை. அவ்வேறுபாட்டை மழுப்புவது இருவரையும் அவமதிப்பதாகும். நாம் வேண்டுவது வேறுபாட்டை மறுப்பதன்று. வேறுபட்ட பின்னும் நன்றி மறவாமையும், மற்றவர் இன்னும் வாழ்கிறார் என்பதை ஏற்பதுமே. 1965இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பழிப்பது தகாது என அறிவித்தது. பவுலின் ஒலிவ மர உவமையையும் நினைவூட்டியது. கொல்லத்துச் செப்பேட்டிற்கும் இவ்வறிவிப்பிற்கும் இடையே பதினொரு நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன.

1948இல் இசுரேல் தோன்றிய பின் கொச்சி யூதர் மிகப் பலர் அங்கே குடியேறினர். இங்கே எவரும் அவர்களைத் துரத்தவில்லை; பழைய வேரை நாடிச் சென்றனர். சென்ற இடத்தில் மலையாளப் பாடல்களைப் பாடினர். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் மரவேலைப்பாடுகள் இன்று எருசலேமில் உள்ள அருங்காட்சியகத்தில் விளங்குகின்றன. வேரிடம் திரும்பியவர்க்குக் கொச்சியும் ஒரு வேராகிவிட்டது. பிறந்த மண்ணை விட்டு வந்து, சங்கம் அமைத்துக் கூடும் நமக்கு இது புதிதன்று. 'பரதேசி' என்னும் சொல்லை இன்று நாம் இரவலனுக்கு வழங்கினாலும், வேற்று நாட்டான் என்பதே அதன் நேர்ப்பொருள். அப்பொருளில் நாமும் பரதேசிகளே.

ஜூ டவுனில் இன்று யூதர் மிக மிகச் சிலரே. கூட்டு வழிபாட்டிற்கு வேண்டிய பத்து ஆடவர் உள்ளூரில் இல்லை. வெளியூரிலிருந்து வருவோரைக் கொண்டே அவ்வெண் நிறைய வேண்டும். ஆயினும் ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று கேரளத்துக் கிறித்தவ இல்லங்களில் பெசகா அப்பம் பிட்கப்படுகிறது. யூதரின் பெசாக் இரவில், இவ்விரவு ஏன் மற்ற இரவுகளினும் வேறுபட்டது என்று வினவும் உரிமை வீட்டின் இளைய குழந்தைக்கு உரியது. பெரியோர் விடை கூறியே ஆக வேண்டும். கிறித்தவ வீட்டுக் குழந்தையும் ஒரு நாள் கேட்கும், இந்த அப்பத்திற்கு ஏன் இப்பெயர் என்று. நம் வீட்டுக் குழந்தைகளும் தம் பெயரைப் பற்றியும் மொழியைப் பற்றியும் நம்மிடம் கேட்கின்றனர். எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமலும், அது நமக்கு மட்டுமே உரியது என்று பூட்டிவைக்காமலும் சொல்லும் விடையே அக்குழந்தைகளுக்கு நாம் செலுத்தும் கடன்.